239-ஆம் நாள்

தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைகளில் ‘பிரேக்’ என்றொரு சொல் புழங்குகிறது. இயந்திரத்தை நிறுத்தும் பிரேக் அல்ல. ஏழெட்டு மாதம் ஒருவரிடம் வேலை வாங்கிவிட்டு, “ஒரு பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வா” என்று அனுப்பிவைப்பதற்குத்தான் அந்தப் பெயர். திரும்பி வரும்போது அதே இயந்திரம், அதே சூப்பர்வைசர், அதே ஷிஃப்ட். டோக்கன் எண் மட்டும் புதிது. சேர்க்கைப் படிவத்தில் அன்றைய தேதி. பத்து ஆண்டுகள் இப்படியே உழைத்த ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தால், ஓராண்டுகூட முழுதாக வேலை பார்க்காத பதினான்கு, பதினைந்து பேர் அங்கே தெரிவார்கள். அத்தனை பேரும் அவர் ஒருவரே.

இந்தப் பத்து நாள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரு சட்டப் பிரிவில் போய் நிற்போம். அதுவும் தொழிலாளரைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட பிரிவு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்தவரை ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவராகக் கொண்டது. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்பவருக்கு 190 நாள் போதும். அந்த எல்லையைத் தாண்டியவரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். தாண்டாதவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 239-ஆம் நாளுக்கும் 240-ஆம் நாளுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது. கோட்டை வரைந்தவர்கள் தொழிலாளி அதைக் கடந்து வருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரைக் கோட்டருகே நிறுத்தித் திருப்பி அனுப்பினால் செலவு மிச்சம் என்று வேலை தருபவர் கண்டுகொண்டார்.

‘240 நாள் ஆனால் பெர்மனென்ட்’ என்று பலரும் நம்புகிறார்கள். மத்தியச் சட்டத்தில் அப்படி இல்லை. அது தருவது முன்னறிவிப்பும் இழப்பீடும்தான். நிரந்தரம் என்ற உரிமையைத் தந்தது தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம். 1981-இல் இயற்றப்பட்ட தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டத்தின்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும். நாட்டிலேயே துணிச்சலான தொழிலாளர் சட்டங்களில் ஒன்று என்று இதை நான் மதிக்கிறேன். ஆனால் இதுவும் ஒரு கோடுதான். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் தென்மாவட்டத்து இளம்பெண்களை ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்றாண்டுக்கு அழைத்து வந்தபோது, அவர்களை அப்ரண்டிஸ் என்றே பதிவு செய்தார்கள். பயிற்சி பெறுபவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆக மாட்டார். 480 நாள் அவரை அண்டாது. மூன்று ஆண்டு முடிவில், கல்யாணச் செலவுக்கென்று பேசிய மொத்தத் தொகையோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டு நூற்பு இயந்திரத்தின் முன்னால் நின்ற ஒரு பெண்ணைச் சட்டம் மாணவியாகவே பார்த்தது. இந்தத் துறையைப் பற்றிப் படித்தவற்றில் என்னை இன்றும் உறுத்துவது இதுதான்.

சட்டத்துக்கு இந்த ஏமாற்று தெரியாமலில்லை. தற்காலிகத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருந்து நிரந்தர உரிமையைப் பறிப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இந்த அட்டவணை நடைமுறைக்கு வந்தது 1984 ஆகஸ்டில். அதே மாதத்தில் அதே சட்டத்தில் இன்னொரு திருத்தமும் நடைமுறைக்கு வந்தது: குறிப்பிட்ட காலத்துக்கு எழுதப்பட்ட வேலை ஒப்பந்தம் முடிந்து, அதைப் புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஒரு கையால் தடுத்ததை மறு கையால் திறந்துவிட்டார்கள். தாளில் தேதி போட்டு எழுதிவிட்டால் போதும், ‘பிரேக்’ சட்டப்படியான முடிவாகிவிடும்.

இந்தச் செலவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓராண்டு முடித்த ஒருவரை முறைப்படி வேலையிலிருந்து எடுப்பதற்கு ஆகும் தொகை, முன்னறிவிப்புச் சம்பளம் ஒரு மாதம், இழப்பீடு அரை மாதம், ஆக ஒன்றரை மாதச் சம்பளம். இதற்குப் பயந்தா ஒரு ஆலை, கை பழகிய தொழிலாளியை வெளியேற்றிப் புதியவரைப் பழக்கும் செலவை ஏற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை, சட்டம் சொல்லும் தொகையில் கிடைக்காது. நடைமுறையில் ஒரு பிசகு நேர்ந்து வழக்கு போனால், பல ஆண்டுகள் கழித்து ‘மீண்டும் வேலை, இடைக்காலச் சம்பளம் முழுவதும்’ என்று தீர்ப்பு வரலாம்; வராமலும் போகலாம். அளவு தெரிந்த செலவை முதலாளி விலையில் சேர்த்துவிடுவார். அளவு தெரியாத ஆபத்தைக் கண்டால் விலகி நிற்பார். தொழிலாளிக்கும் அந்த நீண்ட வழக்கு வரமாக அமையவில்லை. 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் யாரிடம் இருக்கின்றன? ஆதாரத்தைத் தராமல் இருப்பதே வேலை தருபவருக்கு ஆதாயம் என்றாகிவிட்டது. கையில் ரொக்கம், மேலே ஒரு வவுச்சர், அதில் ஒரு கையெழுத்து என்று சம்பளம் வாங்கும் பழக்கம் இத்தனை காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இது நம் ஊரின் தனி நோயும் இல்லை. பிலிப்பீன்ஸில் ‘எண்டோ’ என்ற சொல் குழந்தைக்கும் தெரியும். ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அங்கே சோதனைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது; தாண்டினால் அவர் நிலையான பணியாளர். ஆகவே கடைகளிலும் உணவகங்களிலும் ஐந்தாவது மாதத்தில் ஆளை அனுப்பிவிட்டு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். 2016-இல் எண்டோவை ஒழிப்பேன் என்று வாக்குக் கேட்டு அதிபரானார் ரோட்ரிகோ துதெர்தே. நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு மசோதாவை 2019 ஜூலையில் அவரே தடுத்து நிறுத்தினார். இங்கே 240, அங்கே ஆறு மாதம். எண் மாறுகிறது. எண்ணுக்கு முந்தைய நாளில் நிற்பவர் இரண்டு இடத்திலும் ஒரே ஆளைப் போல இருக்கிறார்.

நாள் கணக்கைப் போலவே தலைக்கணக்கும் உண்டு. 2025 வரை, மின்சாரத்தில் இயங்கும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. இருபது பேர் இருந்தால் பி.எஃப். நூறு பேர் இருந்தால், ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. இந்தக் கடைசி விதி 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கென்று வந்தது. 1984-இல் நூறாக இறங்கியது. இந்தியத் தொழில் வளராததற்கு இந்த நூறுதான் காரணம் என்று பொருளாதாரப் பக்கங்களில் முப்பது ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

2004-இல் டிமோதி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 1958 முதல் 1992 வரை மாநிலங்கள் தொழில் தகராறுகள் சட்டத்தில் செய்த திருத்தங்களை எடுத்து, எவை தொழிலாளர் பக்கம், எவை முதலாளி பக்கம் என்று பிரித்தது. தொழிலாளர் பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவு பெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் பின்தங்கின என்பது அதன் முடிவு. உலக வங்கி அறிக்கைகள் வரை அது எதிரொலித்தது. ஆனால் அந்தப் பட்டியலில் குஜராத் தொழிலாளர் பக்கமும் கேரளம் முதலாளி பக்கமும் இருந்தன! தில்லிப் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஆதித்ய பட்டாச்சார்ஜியா அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, வகைப்படுத்தலே பிழையானது என்று காட்டினார். பிறகு 2014-இல் சாங்-தை ஷே, பெஞ்சமின் ஓல்கன் இருவரும் இந்திய நிறுவனங்களின் அளவுகளை வரைபடமாக்கினார்கள். நூறுக்குக் கீழே நிறுவனங்கள் திரண்டு நிற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் குறிப்பிடத்தக்க எந்தத் திரட்சியும் இல்லை.

அப்படியானால் கோடுகள் எதையும் செய்யவில்லையா? செய்தன, வேறோர் இடத்தில். அம்ரித் அமிராபு, மைக்கேல் கெக்டர் இருவரும் 2005-ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அலசியபோது, பத்துப் பேர் என்ற எல்லையில் நிறுவனங்களின் எண்ணிக்கை சட்டென்று சரிவதைக் கண்டார்கள். அந்த எல்லையைக் கடப்பது ஒரு தொழிலாளிக்கான செலவை 35 விழுக்காடு உயர்த்துவதற்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். சட்டம் நேரடியாகக் கேட்கும் செலவுகள் இவ்வளவு வராது. மிச்சம் எங்கே போகிறது? ஊழல் மிகுந்த மாநிலங்களில் இந்தச் செலவும் மிகுந்திருந்தது என்பதுதான் அவர்கள் தந்த குறிப்பு. பட்டறைக்காரர் பயப்படுவது முதலுதவிப் பெட்டி வாங்கவோ கழிப்பறை கட்டவோ அல்ல. அதைப் பார்க்க வருபவரின் கைக்குப் போகும் கவருக்கு. இங்கே விதியையும் விதியை நடத்தும் கையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘விதியை எடுத்துவிடு’ என்று வாதிடுபவர்கள் இதைப் பெரும்பாலும் பிரிப்பதில்லை.

நூறு என்ற கோட்டில் திரட்சி தெரியாததற்கும் எளிய காரணம் ஒன்று உண்டு. பெரிய ஆலை வளராமல் நிற்கவில்லை. கான்ட்ராக்டரை வைத்துக்கொண்டு வளர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒழிக்கப்பட்ட இடத்தில் அந்தத் தொழிலாளர்கள் முதன்மை நிறுவனத்திலேயே சேர்க்கப்பட வேண்டும் என்று 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2001-இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தானாகச் சேர்க்கும் கடமை கிடையாது என்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு பெற்ற ஆலைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தொழிலாளி கான்ட்ராக்ட் ஆள். இப்போது ஐந்தில் இருவர். ஒரே வரிசையில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கும் இருவரில் ஒருவர் கம்பெனி ஆள், மற்றவர் ஏஜென்சி ஆள். கேன்டீனில் தட்டுகூட வேறாக இருக்கும் இடங்கள் உண்டு. நூறு பேருக்கு மேல் இருந்தால் வரும் பாதுகாப்பு, அந்த நூறில் இடம் பெற்றவருக்குக் கெட்டியாகவும் பெறாதவருக்கு இல்லாமலும் போனது. தொழிற்சங்கங்கள் முதலில் சொன்னவரின் சங்கங்களாகவே நெடுங்காலம் இருந்தன என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும்.

முதலாளியை மட்டும் இந்தக் கோடுகள் வளைக்கவில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.-க்கான சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய். அந்தச் சம்பளம் வாங்கும் தொழிலாளி கட்டுவது 0.75 விழுக்காடு, ஏறக்குறைய 158 ரூபாய். நிறுவனம் கட்டுவது 3.25 விழுக்காடு. பதிலுக்கு அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். 500 ரூபாய் இன்கிரிமென்ட் வந்தால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அட்டை போய்விடும். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தகப்பனார் இருந்தால் அந்த 500 ரூபாய் எவ்வளவு பெரிய நட்டம் என்று அவர் கணக்குப் போடத் தேவையே இல்லை. சம்பள உயர்வு வேண்டாம் என்று ஒருவரை நினைக்க வைக்கும் விதியை எழுதியவர் யாரும் கெட்டவர் அல்லர். 21,000-க்கு மேல் வாங்குபவர் வசதியானவர் என்று வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மகப்பேற்று விடுப்பில் இதே வரம்பு இன்னொரு வேலை செய்கிறது. 2017 திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. எத்தனையோ தாய்மார்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது. ஒரு வாரமும் குறைக்கத் தேவையில்லை. பணம் யார் தருவது என்பதில்தான் கோளாறு. ஈ.எஸ்.ஐ.-க்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. அதற்கான சந்தா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், ஆகவே பெண்ணைச் சேர்த்தால் நிறுவனத்துக்குத் தனிச் செலவு இல்லை. 22,000 ரூபாய் வாங்கும் பெண் ஈ.எஸ்.ஐ.-க்கு வெளியே இருக்கிறார். அவருடைய ஆறு மாதச் சம்பளம் முழுவதும் அந்த ஒரு நிறுவனத்தின் தலையில். ஐம்பது பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகமும் அதன் பொறுப்பே. நேர்முகத் தேர்வில் “கல்யாணம் எப்போ?” என்ற கேள்வி எங்கே பிறக்கிறது என்று இப்போது தெரியும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, பெண்களுக்கு வேலைச் சந்தையில் பாகுபாடு நேராதிருக்க, இந்தப் பணம் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளியின் தலையில் விழக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.

ஆகவே பாதுகாப்பைக் குறைப்பதா கூட்டுவதா என்ற பழைய சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஒரு மனிதரைச் சேர்க்கும் முடிவு, அல்லது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளும் முடிவு, ஒரேயடியாக ஒரு பெரிய செலவை இழுத்து வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மும்பையின் மூட்டை தூக்குவோர் 1969-இல் மாத்தாடிச் சட்டத்தின் மூலம் இதற்கு ஒரு விடை கண்டார்கள். தொழிலாளி எந்த வியாபாரியின் ஆளும் அல்ல. வாரியத்தில் பதிவு பெற்றவர். வியாபாரி கூலியோடு ஒரு லெவியையும் வாரியத்தில் கட்டுகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாம் அந்த லெவியிலிருந்து வருகின்றன. ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் லெவி. 239-ஆம் நாளில் ஆளை நிறுத்துவதால் வியாபாரிக்கு எதுவும் மிச்சமாகாது.

ஆஸ்திரியா இதையே நாடு முழுவதற்கும் செய்தது. அங்கே பழைய முறையில், மூன்று ஆண்டு முடித்தவரை வேலையிலிருந்து எடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தர வேண்டும். 25 ஆண்டில் அது ஓராண்டுச் சம்பளமாகும். தானாக விலகினால் ஒன்றும் இல்லை. ஆகவே நிறுவனம் மூன்றாண்டுக்கு முன் கழற்றிவிடப் பார்க்கும். பிடிக்காத வேலையில் தொழிலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். 2003 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு, மாதச் சம்பளத்தில் 1.53 விழுக்காட்டை நிறுவனம் ஒரு நிதியத்தில் அவர் பெயரில் கட்டிவிட வேண்டும். வேலை மாறினாலும் பணம் அவரோடு போகும்.

நம் கிராஜுவிட்டியை இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். 1972 சட்டம் வகுத்த முறைப்படி ஐந்து ஆண்டு முடித்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 26 நாளை ஒரு மாதமாகக் கொண்டு. 20,000 ரூபாய் வாங்குபவருக்கு ஐந்தாம் ஆண்டு முடிவில் 57,692 ரூபாய். தகுதி வருவதற்கு முந்தைய வாரம் வெளியேற்றினால் பூஜ்யம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோடு சற்று முன்னால் நகர்ந்தது, அழியவில்லை. இதே தொகையை மாதமாதம் கட்டினால் சம்பளத்தில் 4.8 விழுக்காடு. யாருக்கும் ஒரு பைசா கூடுதல் செலவில்லை, இப்போது ஐந்தாண்டுக்கு முன் துரத்துகிறவர்களைத் தவிர.

பழைய மத்தியத் தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இந்த வாய்ப்பைக் கையில் எடுக்கவில்லை. முன் அனுமதிக்கான எல்லையை நூறிலிருந்து மறுபடி முந்நூறாக்கின. தொழிற்சாலை என்பதற்கான எல்லையைப் பத்திலிருந்து இருபதாக்கின. பத்திலிருந்து பத்தொன்பது வரை ஆள் வைத்திருக்கும் பட்டறைகள் இதனால் தொழிற்சாலை என்ற வகைக்கு வெளியே விழுகின்றன. விபத்துகள் அங்கே குறைவு என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி என்றது நல்ல மாற்றம், மனமாரப் பாராட்ட வேண்டியது. ஆனால் வாடகை வீட்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் ஓராண்டு என்ற கோடு எதைப் பெற்றெடுக்கும் என்று தெரியும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-இன் பதிவுச் சட்டம் சொன்னதால்தான் நம் வீட்டு ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கு எழுதப்பட்டுவந்தன. ஓராண்டு முடித்தால் பணிக்கொடை என்ற விதியுள்ள தென்கொரியாவில் 11 மாத வேலை ஒப்பந்தங்கள் ஏற்கெனவே பெரும் பிரச்சினை.

இங்கே அது நடக்கிறதா என்று கண்டுபிடிக்கப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 2014 முதல் ஒரே யூ.ஏ.என். எண். ஆலை மாறினாலும், டோக்கன் மாறினாலும், ஏஜென்சி மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் நிறுத்தப்பட்டார், பத்து நாள் கழித்து எங்கே மறுபடி சேர்ந்தார் என்பதெல்லாம் அரசின் கணினியில் வரிசையாக இருக்கின்றன. பதினோராவது மாதத்தில் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதை நிறுவனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஓர் ஆணை போதும். ஆலையின் பதிவேட்டில் பதினைந்து பேராகத் தெரிபவர் அந்த எண்ணில் ஒரே ஆளாக, பத்து ஆண்டுகள் வேலை பார்த்தவராக, இருக்கிறார்.